புகையில் வெந்த பன்றி விலா: தாளில் சுற்றுவதா, சுற்றாமல் விடுவதா?



நத்தார் வந்தாலும் தீபாவளி வந்தாலும் நமது லயங்களில் இறைச்சி வாசம் வராமல் போவதில்லை. ஆடு விலை ஏறிவிட்டது. ஆகவே பல குடும்பங்கள் நாலைந்து வீடாகச் சேர்ந்து ஒரு பன்றியைப் பங்கு போட்டுக் கொள்கின்றன. பங்கு போடும்போது எல்லோரும் சதையைத்தான் கேட்பார்கள். விலா எலும்பு கடைசியில் தேங்கும். "எலும்ப வச்சி என்னா பண்றது, நாய்க்குப் போடு" என்று சொல்வதை நாமே காதால் கேட்டிருக்கிறோம். அந்த விலாவைப் புகையில் வேகவைத்தால் அதுதான் முதலில் தீரும். அதை வீட்டில் எப்படிச் செய்வது, அலுமினியத் தாளில் சுற்ற வேண்டுமா வேண்டாமா, எங்கே கவனம் வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஓர்ஸ் ஹில்லில் கண்டது

1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டுப் போன குடும்பங்கள் பல வவுனியா, திருகோணமலைப் பக்கங்களில் குடியேறின. எமது உறவினர் சிலரும் அப்படிப் போனவர்களே. அவர்களில் ஒரு மைத்துனர் இப்போது திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறார். உவர்மலை என்றும் அந்த இடத்தைச் சொல்வார்கள். 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளமாக வைத்திருந்த துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் மகளின் பிறந்த நாளுக்குப் போயிருந்தபோதுதான் இந்தச் சமையலை முதலில் கண்டோம்.

வீட்டின் பின்னால் செங்கல் அடுக்கி அடுப்புக் கட்டியிருந்தார். சிரட்டைக் கரியில் தணல். அதன் மேல் கம்பித் தட்டு. தட்டில் முழு விலா இரண்டு. பெரிய பழைய கிடாரத்தைக் கவிழ்த்து மூடியிருந்தார். ஓர் ஓரத்தில் மெல்லிய நீலப் புகை வந்து கொண்டிருந்தது. நாம் அவசரப்பட்டு மூடியைத் தூக்கப் போனோம். "அத்தான், திறக்காதையுங்கோ. திறந்தா சூடு போயிடும், இன்னும் அரை மணித்தியாலம் கூடும்" என்று கையைப் பிடித்துக் கொண்டார். பேச்சும் திருகோணமலைப் பேச்சாகிவிட்டது. நாம் பன்னிக்கறி என்பதை அவர் பண்டி இறைச்சி என்கிறார்.

இரண்டு விலாவில் ஒன்றைப் பாதி வேக்காட்டில் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றினார். மற்றதைச் சுற்றாமல் கடைசி வரை அப்படியே விட்டார். சாப்பிடும்போது வீடே இரண்டு கட்சியாகிவிட்டது. பல் போன ஆச்சியும் சின்னப் பிள்ளைகளும் தாளில் சுற்றியதைக் கேட்டார்கள். இளந்தாரிகள் சுற்றாததைத்தான் எடுத்தார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று விசாரித்து அறிந்ததைத்தான் கீழே எழுதுகிறோம்.

புகை நமக்குப் புதிதல்ல

அடுப்புக்கு மேலே பரண் கட்டி இறைச்சியையும் மீனையும் காய வைப்பது நமது பாட்டன் காலத்துப் பழக்கம். வேடர்கள் இறைச்சியை நெருப்பின் மேல் உலர்த்தித் தேனில் போட்டு வைப்பார்கள். சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கருவாடு, சூரை மீனை அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்துச் செய்வதுதான். சீனாவின் பூஜியன் மாகாணத்தில் கொழுந்தையே பைன் விறகுப் புகையில் உலர்த்தி ஒரு வகைத் தேயிலை செய்கிறார்கள். அதே நாட்டின் சிச்சுவான் பகுதியில் தேயிலையையும் கற்பூர மரத் துண்டையும் புகைய வைத்து வாத்து இறைச்சிக்கு வாசம் ஏற்றுகிறார்கள். நாம் கொய்கிற தேயிலைக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறந்துவிட வேண்டாம். பரணில் தொங்கும் இறைச்சி பல நாள் கெடாமல் இருப்பதற்குப் புகை மட்டும் காரணமல்ல. உப்புப் போட்டு, ஈரம் முழுக்க வற்றிப் போவதால்தான் அது நிற்கிறது. நாம் இங்கே சொல்லும் விலா ஈரத்தோடு வேகும் சமையல். இது அன்றே சாப்பிட வேண்டிய கறி, சேமித்து வைக்கும் பண்டம் அல்ல.

தாளில் சுற்றினால் என்ன நடக்கும்?

விலாவில் சதை குறைவு, சவ்வும் நரம்பும் அதிகம். இவை சட்டென்று கொதிக்கும் சூட்டில் இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். 110 முதல் 120 பாகை செல்சியஸ் வரையான மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் இருந்தால் அவை இளகிப் பசையாகும். இறைச்சியின் உள்ளே 90 பாகை தாண்டும்போதுதான் எலும்பிலிருந்து சதை நெகிழ்ந்து வரும்.

இடையில் ஒரு சங்கடம் உண்டு. இறைச்சியின் உள்சூடு 65, 70 பாகைக்கு வந்ததும் ஏறாமல் நின்றுவிடும். நெருப்பு இருக்கும், புகை வரும், சூடு மட்டும் ஏறாது. மழையில் நனைந்து மலையில் காற்றில் நிற்கும்போது உடம்பு நடுங்குகிறதே, அதே காரணம்தான். இறைச்சியின் மேலிருந்து ஈரம் ஆவியாகப் போகும்போது சூட்டையும் சேர்த்து இழுத்துக் கொண்டு போகிறது. பெரிய தொடைத் துண்டில் இது மணிக்கணக்கில் நீளும். விலா மெல்லியது, ஆகவே கொஞ்ச நேரத்தில் கடந்துவிடும்.

தாளில் சுற்றினால் ஆவி வெளியே போக முடியாது. சூடு வேகமாக ஏறும். ஏறக்குறைய ஒரு மணித்தியால விறகு மிச்சம். சதை பஞ்சு மாதிரி வரும். ஆனால் உள்ளே ஆவி சுழல்வதால் மேலே பிடித்திருந்த மசாலாப் பொருக்கு நனைந்துவிடும். புகை வாசமும் அதற்கு மேல் ஏறாது. ஆகவே முதலில் இருந்தே சுற்றினால் அது அவித்த இறைச்சிதான், புகைத்த இறைச்சி அல்ல.

சுற்றாமல் விட்டால் மேற்புறம் கறுத்து மொறுமொறுப்பாகும், புகை வாசம் நன்றாகப் பிடிக்கும். நேரம் கூட எடுக்கும், நெருப்பை இடைவிடாமல் பார்க்க வேண்டும், கவனம் தப்பினால் காய்ந்து போகும்.

அமெரிக்காவில் இதற்கு "3-2-1" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று மணி புகையில், இரண்டு மணி தாளுக்குள், ஒரு மணி மறுபடி திறந்து. அது பெரிய பன்றியின் தடித்த விலாவுக்கு உள்ள கணக்கு. நமக்குக் கிடைக்கும் சின்ன விலாவை அப்படி வைத்தால் எலும்பு தனியாக, சதை தனியாக உதிர்ந்துவிடும்.

தாள் இல்லாவிட்டால் வாழை இலை

அலுமினியத் தாள் விலை கூடிய சாமான். அது இல்லையென்று கவலை வேண்டாம். பறங்கியர் லம்ப்றைஸ் சோற்றை வாழை இலையில் கட்டித்தானே வேக வைக்கிறார்கள். இலையைத் தணலில் வாட்டி, இரண்டு மடிப்பாகச் சுற்றி, வாழை நாரால் கட்டுங்கள். இலை கொஞ்சம் ஆவியை விடும், கொஞ்சம் பிடிக்கும். ஆகவே சதையும் மெதுவாகும், பொருக்கும் முழுக்க நனையாது. எமது அனுபவத்தில் தாளை விட இதுவே நல்லது.

தாள் பாவிப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. ஒன்று, புளியும் கொறக்காயும் வினாகிரியும் உப்போடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்கும். புளி போட்ட இறைச்சியைச் சுற்றுவதானால் உள்ளே ஒரு வாழை இலையை வைத்துச் சுற்றுங்கள். இரண்டு, பால்மா பக்கெட், தேயிலைப் பக்கெட் ஆகியவற்றின் பளபளப்பான உறையைத் தாளுக்குப் பதிலாகப் பாவிக்க வேண்டாம். அதில் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது, சூட்டில் உருகும். மூன்று, பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த தாள் சில வீடுகளில் இன்னும் கிடக்கிறது. மிகப் பழைய பெட்டிகளுக்கு ஈயத் தகடும் பாவித்தார்கள். ஈயம் நஞ்சு. அந்தத் தாளைச் சாப்பாட்டுப் பக்கமே கொண்டு போக வேண்டாம்.

செய்முறை

சுமார் 2 கிலோ விலாவுக்கு:

1. விலாவின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். கரண்டிக் காம்பால் ஓரத்தை நெம்பி, துணியால் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும். இதை விட்டால் மசாலா இறங்காது.

2. உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, வறுத்த மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 மேசைக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, கொஞ்சம் மஞ்சள், அரைத்த உள்ளியும் இஞ்சியும். எல்லாம் கலந்து இரண்டு பக்கமும் தேய்த்து 2 மணித்தியாலம் மூடி வையுங்கள். இரவு முழுக்க வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். "நம்ம ஊரு குளிருதானே" என்று வெளியே வைக்கக் கூடாது.

3. வெளியில், காற்று நேராக அடிக்காத இடத்தில் செங்கல்லை மூன்று பக்கம் அடுக்குங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் தணல். இறைச்சி மறு பக்கத்தில், தட்டின் மேல். இறைச்சிக்கு நேர் கீழே ஒரு தகரத்தில் தண்ணீர் வையுங்கள். கொழுப்பு அதில் சொட்டும், நெருப்பில் விழாது. நெருப்பில் விழுந்தால் எரிந்து கசந்த கரும்புகை வரும்.

4. பழைய கிடாரம் அல்லது பெரிய சட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். கோயில் கிடாரத்தை இதற்குக் கேட்டு மனஸ்தாபம் தேடிக்கொள்ள வேண்டாம்.

5. சூடு பார்க்க: தட்டுக்கு அரைச் சாண் மேலே உள்ளங்கையைப் பிடியுங்கள். எட்டு, பத்து எண்ணும் வரை தாங்கினால் சரி. நாலு எண்ணுமுன் கையை எடுத்தால் நெருப்புக் கூடிவிட்டது.

6. தணல் மேல் கைப்பிடி விறகுத் துண்டு. முக்கால் மணிக்கு ஒரு தடவை போதும். வெள்ளைப் புகை குபுகுபு என்று வந்தால் காற்றோட்டம் போதாது. மெல்லிய நீலப் புகைதான் நல்ல புகை. சிச்சுவான்காரர் மாதிரி ஒரு பிடி தேயிலைத் தூளும் போட்டுப் பார்க்கலாம்.

7. சுற்றுவதானால்: இரண்டரை மணி திறந்த புகை, பின் ஒரு மணி சுற்றி, கடைசி அரை மணி பிரித்து. சுற்றாவிட்டால்: நாலரை முதல் ஐந்து மணி. மணிக்கு ஒரு முறை தண்ணீர் தெளிக்கலாம்.

8. கடைசி அரை மணியில் கரைத்த புளியும் கித்துள் பாணியும் கலந்து பூசுங்கள். முதலிலேயே பூசினால் பாணி கருகும்.

இது ஓர்ஸ் ஹில் கணக்கு. அது கடல் மட்டம், வெக்கையான ஊர். நமது மலையில் குளிரும் காற்றும் சூட்டைத் தின்றுவிடும். நுவரெலியா உயரத்தில் தண்ணீரே 94 பாகையளவில் கொதித்துவிடுகிறது, ஆகவே சுற்றிய இறைச்சிக்குள் ஆவியும் அந்தளவு சூடுதான். முக்கால் மணி, ஒரு மணி கூட்டி வையுங்கள். கடிகாரத்தை நம்பி இறக்காதீர்கள்.

நாம் விட்ட பிழை

கடிகாரத்தை நம்பி இறக்கியவர்கள் நாமேதான். திருகோணமலையிலிருந்து வந்த கையோடு, அந்த வருட நத்தாருக்கு லயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டு செய்தோம். நாலு மணி ஆனது. மேலே நல்ல கறுப்பு, வாசம் தூக்குகிறது. பிள்ளைகள் தட்டோடு நிற்கிறார்கள். இறக்கிவிட்டோம். எலும்போரம் சிவப்பாக இருந்ததைக் கண்டும் "புகைச் சிவப்பு" என்று சமாதானம் சொன்னோம். இரவு ஏழு பேருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். அதில் இரண்டு பேர் சிறு பிள்ளைகள், ஒருத்தி நமது மகள். விடிய விடிய தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தோம். எல்லோரும் சுகமாகினார்கள். ஆனால் நலன்புரி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு அன்று அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஆகவே இதை மனதில் வையுங்கள். புகை இறைச்சியின் வெளி ஓரத்தில் வளையம் மாதிரி ஓர் இளஞ்சிவப்பு வரும். அது சரி. எலும்பை ஒட்டி, நடுவில், கொழகொழவென்று சிவந்து, இரத்த நீர் வந்தால் அது பச்சை. வெந்ததா என்று பார்க்க மூன்று வழி: இடுக்கியால் ஒரு முனையில் தூக்கினால் விலா வளைந்து மேற்புறம் வெடிக்க வேண்டும். எலும்பு நுனியில் சதை அரை விரற்கடை மேலே ஏறியிருக்க வேண்டும். ஈர்க்கை இரண்டு எலும்புக்கு நடுவே குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். மூன்றும் சரியென்றால் மட்டும் இறக்குங்கள்.

அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் வயிற்றோட்டம் மட்டுமல்ல, நாடாப்புழுவும் வரும். அந்தப் புழு உள்ளவர் வெளிவாசல் போய்க் கை கழுவாமல் உணவைத் தொட்டால், அதன் முட்டை மற்றவர் வயிற்றுக்குள் போய் மூளை வரை சென்று வலிப்பு உண்டாக்கலாம். மலசலகூடமும் சவர்க்காரமும் இந்தச் சமையலுக்கும் தேவை என்பது இதனால்தான். காட்டுப்பன்றி இறைச்சிக்கு இன்னும் கூடிய வேக்காடு வேண்டும்.

2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நமது நாட்டுக்கும் வந்தது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் நோயில் விழுந்த, தானாகச் செத்த பன்றியின் இறைச்சியை மலிவென்று வாங்க வேண்டாம். பன்றி வளர்ப்பவர்கள் கழிவுச் சோற்றையும் இறைச்சித் துண்டையும் கொதிக்க வைக்காமல் போட வேண்டாம். நோய் பரவும் ஒரு வழி அதுதான்.

செய்யக் கூடாதவை

பீப்பா: அந்த நத்தாருக்கு ஒரு தம்பி ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த இரும்பு பீப்பாவை உருட்டிக் கொண்டு வந்தார். நாமும் தலையாட்டிவிட்டோம். மருந்து அடிக்கும் வேலையில் இருந்த ஒரு பெரியவர்தான், "அதுல என்னா இருந்துச்சின்னு ஒனக்குத் தெரியுமா?" என்று நிறுத்தினார். மருந்து இருந்த பீப்பாவையும் கேனையும் கழுவினாலும் எரித்தாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. எது இருந்தது என்று தெரியாத பீப்பாவும் ஆகாது.

விறகு: கொய்யா, பலா, மா, கோப்பி, தோடை விறகு நல்லது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பைன், யூக்கலிப்டஸ் விறகில் பிசினும் எண்ணெயும் உண்டு, இறைச்சி கசக்கும். அலரி நஞ்சு, அதன் குச்சியால் இறைச்சியைக் குத்தவும் கூடாது. பெயின்ட் பூசிய பலகை, தார் பூசிய தூண், பழைய சிலிப்பர் கட்டை ஒன்றும் வேண்டாம். கவ்வாத்து மிலாறு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மருந்து அடித்த மலையிலிருந்து வந்ததானால் அதை இதற்குப் பாவிக்காமல் விடுவதே நல்லது.

காம்பராவுக்குள் தணல்: இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. மழை வந்துவிட்டது என்று அடுப்பை இஸ்தோப்புக்கோ காம்பராவுக்குள்ளோ கொண்டு போக வேண்டாம். சமைத்து முடிந்து மிஞ்சிய தணலைக் குளிருக்கு என்று உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கரித் தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் படுங்கள்.

பக்கத்து வீடு: லயத்தில் சுவர் ஒன்று, புகை எல்லோருக்கும். கைக்குழந்தையும் கர்ப்பிணித் தாயும் உள்ள வீட்டுப் பக்கம் புகை போகாதபடி அடுப்பை வையுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருப்போர், பன்றி சேர்க்காதோர் இருந்தால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஓர்ஸ் ஹில் மைத்துனர் பக்கத்து முஸ்லிம் வீட்டாரிடம் சொல்லி, அவர்களுக்கென்று வேறு பாத்திரத்தில் கேக் அனுப்பிய பிறகுதான் தணல் போட்டார்.

மிச்சம் இருந்தால்

சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் மூன்று நாள் வரை வைத்து, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம். பெட்டி இல்லாதவர்கள் அளவாகச் செய்வதே நல்லது. புகைத்த இறைச்சியை அடிக்கடி உண்பதும் உடம்புக்கு ஆகாது. உப்பு, புகை முதலியவற்றால் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2015 இல் அறிவித்தது. பெருநாளுக்குப் பெருநாள் செய்தால் போதும்.

முடிவாக

தாளா, தாள் இல்லாமலா என்று கேட்டால் எமது பதில் இதுதான். முதியவரும் பிள்ளைகளும் அதிகமென்றால் சுற்றுங்கள். இளந்தாரிகள் அதிகமென்றால் சுற்றாமல் விடுங்கள். இரண்டும் கலந்த வீடென்றால் ஓர்ஸ் ஹில் வீடு மாதிரி ஒன்று அப்படி, ஒன்று இப்படி. எப்படிச் செய்தாலும் எலும்போரம் வெந்திருக்க வேண்டும், நெருப்பு வெளியில் இருக்க வேண்டும்.

அடுத்த நத்தாருக்கு நாமும் அதே பிள்ளைகளைக் கூப்பிட்டோம். கொஞ்சம் தயங்கித்தான் வந்தார்கள். இந்த முறை ஐந்தரை மணி வைத்தோம். ஈர்க்கைக் குத்திப் பார்க்கும் வேலையை நமது மகளிடமே கொடுத்தோம். "இன்னும் வேகல அப்பா" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவைதான் தட்டுக்கு வந்தது. எலும்பு ஒன்றும் நாய்க்கு மிஞ்சவில்லை.